மூட்டாத கைலி

என் உசுருக்கு உசுரான வேலு மச்சானுக்கு,

வலையத் தச்சது போதும், கீழ வெச்சுட்டு உக்காரு. பெரிய சேதி கொண்டாந்திருக்கேன். முடிவ மட்டும் இப்ப சொல்ல மாட்டேன். மூணு நாளா நானும் என் தங்கச்சியும் பட்ட பாட்ட நீயும் கொஞ்சம் படு. நடுவுல எந்திரிச்சுப் போன, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்.

போன செவ்வாக்கிழமை காலையில சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சவாரி ஏத்திக்கிட்டு ஆட்டோவக் கெளப்புறேன். தனத்துகிட்ட இருந்து போன். உன் பொண்டாட்டி போன் பண்ணா மொதல்ல "சாப்டியா அண்ணே"ன்னுதானே கேப்பா? அன்னைக்குக் கேக்கல.

"அண்ணே, அமுதாவக் காணோமாம்."

"காணோம்னா என்னா அர்த்தம்? ஆஸ்பத்திரி டூட்டியில இருப்பா. போன எடுக்க மாட்டா."

"இல்லண்ணே. லீவு நாளுன்னு தனியாக் கெளம்பி ஏதோ பாலைவனப் பூங்காவுக்கு நடக்கப் போனாளாம். காரு மட்டும் பூங்கா வாசல்ல நிக்குதாம். போனவ திரும்பலையாம்."

உன் பொண்ணு ஆஸ்திரேலியாவுக்கு நர்சு வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். போன எடத்துல லீவு கெடச்சா காடு மலைன்னு நடக்குறாளே, அது தெரியுமா? எனக்குத் தெரியாது மச்சான். ஹைக்கிங்னு பேராம். நம்ம ஊர்ல தெருமுனைக் கடைக்குப் போவச் சொன்னா ஸ்கூட்டிச் சாவியத் தேடுவாளே, அவளா இவ? பாலைவனத்துல ஒரு டீக்கடையாவது உண்டா, அங்க எதுக்கு நடக்கணும்? எனக்கு வந்த கோவத்துக்கு அவ எதிர்ல இருந்திருந்தா ரெண்டு வெச்சிருப்பேன்.

வண்டியில அண்ணாமலை நகர் போவணும்னு ஒரு சார் உக்காந்திருந்தாரு. அவரு இருக்குறதே மறந்துபோயி கடலூர் ரோட்டுல முறுக்கிட்டேன். புதுச்சத்திரம் தாண்டினப்பதான் பின்னாடியிலிருந்து, "ஏம்பா, அண்ணாமலை நகர இவ்ளோ தூரம் தள்ளி வெச்சுட்டாங்களா?"ன்னு மெதுவாக் கேட்டாரு. விசயத்தச் சொன்னேன். "நீ ஓட்டுப்பா, நான் கடலூர்ல எறங்கி பஸ்ஸு புடிச்சிக்கிறேன்"னுட்டாரு. நல்ல மனுசன், பேரு கூடக் கேக்கல.

முதுநகர் வீட்டுக்குள்ள போனா தனம் உன் போட்டோவுக்குக் கீழ உக்காந்திருக்கா. அழுவல. அதான் எனக்கு ஜாஸ்தி பயமாயிடுச்சு. "அவரு சட்டை ஒண்ணாவது வீட்டுல இருந்தா மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன் அண்ணே"ன்னா. நான் என்ன சொல்றது? செத்தவங்க துணிய வீட்டுல வெக்கக் கூடாதுன்னு உன் கருமாதி அன்னைக்கு நான்தானே எல்லாத்தையும் மூட்டை கட்டினேன். உன் படகுலயே ஏறி, வாந்தி எடுத்துக்கிட்டே போயி, கடல்ல விட்டுட்டு வந்தேன். நம்ம வழக்கம், செஞ்சேன்.

அமுதாகூட வேலை பாக்குற கேரளாப் பொண்ணு ஒண்ணு, ஜின்சின்னு பேரு, அந்தப் பூங்காவுக்கே போயி நின்னுக்கிட்டு வீடியோ கால்ல பேசுச்சு. பாதி மலையாளம் பாதி தமிழு. போலீசு வந்திருக்கு, ஹெலிகாப்டர் வந்திருக்கு, ஊர்க்காரங்க வரிசையா நடந்து தேடுறாங்க. அந்த நடைபாதை ஒரு பாறைக் குன்றச் சுத்தி வருதாம். தடம் தப்பியிருந்தாலும் காரு நிக்குற பக்கமாத்தான் வரப் பாத்திருப்பான்னு அந்தப் பக்கத்தையே சல்லடை போட்டுச் சலிக்கிறாங்க. கையில எவ்ளோ தண்ணி இருந்திருக்கும்னு கேட்டேன். அந்தப் பொண்ணு போன வேற பக்கம் திருப்பிக் காட்டுச்சு.

எங்க பாத்தாலும் செவப்பு மச்சான். தனம் ரொம்ப நேரம் பாத்துட்டு, "பண்ருட்டி முந்திரித் தோப்பு மண்ணாட்டம் இருக்கு. ஆனா ஒரு மரத்தக் காணோமே"ன்னா. அவ்ளோ பெரிய வெட்டவெளியில ஒத்தப் பொண்ணு, தண்ணி இல்லாம. கடல்ல காணாமப் போனவங்களத் தேடி நீ எத்தினி தடவ போயிருப்ப? அப்பல்லாம் வீட்டுல இருக்குறவங்க எப்படித்தான் மூச்சு விட்டாங்க?

மறுநாளும் ஒண்ணும் கெடைக்கல. ஆனா குறிஞ்சிப்பாடியிலேருந்து உன் சித்தப்பா வந்துட்டாரு. சும்மா வரல. ஒரு வேன் நெறைய ஆளுங்க, கையில ஒரு ரோசாப்பூ மாலை! பாலைவனத்துல இத்தினி நாளு தண்ணி இல்லாம எவன் இருப்பான்னு அவரே கணக்குப் போட்டு முடிவு பண்ணிட்டாரு. வேன்ல இருந்து எறங்கின பொம்பளைங்க தெருமுனையிலயே தலைமுடிய அவுத்துப் போட்டு, "எங்கள விட்டுப் போயிட்டியேடி"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாரு! "யாருடி செத்தா இங்க? வாய மூடுங்கடி!"ன்னு நான் கத்தின கத்துல எதிர்வீட்டு நாயி வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிச்சு. சித்தப்பா கையிலிருந்து மாலையப் புடுங்கி என் ஆட்டோ கண்ணாடிக்கு மேல மாட்டினேன். "வண்டிக்கு இன்னைக்குப் பூசை, மாலை நல்லா இருக்கு, ரொம்ப சந்தோசம்"னேன். மனுசன் முழிக்கிறாரு. பொம்பளைங்க முடியக் கொண்டை போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தரா உள்ள வந்து, "என்னா நடந்துச்சு தனம்?"னு அப்பதான் கேட்டாங்க. கேட்டுட்டுத்தானே அழுவணும்?

வியாழக்கிழமை காலையில நான் டீ வாங்கியாந்து ஊத்துறேன். ஜின்சிகிட்ட இருந்து போட்டோ. ஹெலிகாப்டர்லேருந்து எடுத்தது. தேடிக்கிட்டு இருந்த பக்கம் இல்ல, குன்றுக்கு அந்தாண்ட, காருக்கு நேரெதிர்த் தெசை. செவப்பு மண்ணுக்கு நடுவுல ஒரு பட்ட மரம், மரத்து மேல நீலமா என்னமோ விரிச்சிருக்கு. பெரிசு பண்ணிப் பாத்தா கட்டம் கட்டமா துணி. ஒரு மூலையில மஞ்சளா ஒரு ஒட்டு.

தனம் டீ டம்ளரத் தள்ளிவிட்டு எந்திரிச்சா. "அண்ணே! இது அவரு கைலி!"

"உனக்குப் பைத்தியமா? அத நான்தானே கடல்ல விட்டேன்."

"என் மஞ்சச் சுடிதார் துணிய வெச்சு நான் போட்ட ஒட்டு அண்ணே. எனக்குத் தெரியாதா? மூட்டாத கைலி, பாரு, எவ்ளோ அகலமா விரிஞ்சிருக்கு!"

பாத்தேன். உன் கைலியேதான். ஊர்ல எல்லாரும் கைலி வாங்கினா தையக்காரன்கிட்ட குடுத்து ரெண்டு முனையையும் மூட்டித்தான் கட்டுவாங்க. நீ மட்டும் மூட்டாமலே கட்டுவ. தண்ணியில விழுந்தா ஒரே இழுப்புல உருவிப் போடத் தோதுன்னு நீ சொல்லுவ, தையக்கடைக்கு நடக்க சோம்பேறித்தனம்னு நான் சொல்லுவேன். ஏலம் போடுற எடத்துல காத்தடிச்சு அது பறக்க, மீன்காரம்மாங்க சிரிக்க, நீ அதுக்கும் சேத்துச் சிரிப்பியே. எத்தினி தடவ அதுக்கு உன்னை ஓட்டியிருப்பேன்!

சித்தப்பா கைய எடுத்துக் கும்புட்டு, "வேலுதான் போயிருக்கான்"னாரு. பேயி பிசாசுன்னா கிண்டல் பண்றவன் நான், உனக்கே தெரியும். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு மச்சான். முதுநகர்ல விட்ட கைலி கடலோடயே போயி அந்த நாட்டுல கரை ஏறி, உன் பொண்ணத் தேடி நடந்து போயிருக்குன்னு ஒரு நிமிசம் நெசமாவே நம்பிட்டேன். நம்பிட்டு, அப்புறம்தான் எனக்குப் பயம் வந்துச்சு. கைலி தெரியுது. கைலிக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியலையே.

ஹெலிகாப்டர் எறங்க எடம் சரியில்லையாம், கொஞ்சம் தள்ளி எறக்கிட்டு நடந்து போறாங்கன்னு ஜின்சி சொல்லுச்சு. தனம் என் கையப் புடிச்சா. சின்ன வயசுல திருவிழாக் கூட்டத்துல புடிச்சாளே, அதே புடி. உன் போட்டோவப் பாத்து, "யோவ், கூடப் போயிருந்தா ஒழுங்கா கூட்டிக்கிட்டு வந்து சேரு"ன்னு அதட்டினா. உனக்குக் கேட்டுச்சா?

போன் அடிச்சுது. வீடியோ. ஒரு நர்சம்மா தோளப் புடிச்சிருக்க, ஒதடெல்லாம் வெடிச்சு, மூஞ்சி கன்னிப்போயி, கையில தண்ணி பாட்டிலோட ஒருத்தி உக்காந்திருக்கா. அடையாளமே தெரியல. வாயத் தொறந்தப்பதான் தெரிஞ்சுது.

"மாமா... திட்டாத. கைலியத் திருடினது நான்தான்."

உன் பொண்ணு உசுரோட இருக்கா மச்சான்! இப்ப எந்திரிச்சு ஆடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாங்க இங்க ஆடின ஆட்டத்த நீ பாத்திருக்கணும். ஒப்பாரி வெக்க வந்த பொம்பளைங்க குலவ போடுறாங்க, சித்தப்பா துண்ட சொழட்டுறாரு. நான் அழுதேன், சொல்றதுக்கென்ன. தனமும் அப்பதான் அழுதா.

கருமாதிக்கு முந்துன நாளுதானே அமுதா வந்து சேந்தா, உன் மொகத்தக் கூடப் பாக்கல. மறுநாளு நான் மூட்டையக் கட்டி வாசல்ல வெச்சுட்டு படகுக்காரங்கள கூப்புடப் போன சமயத்துல கைலிய மட்டும் உருவிப் பையில போட்டுக்கிட்டாளாம். அப்புறம் எங்க போனாலும் அது கூடவே போவுதாம். உக்காந்து சாப்புட விரிச்சுப்பாளாம், வெயிலுக்குத் தலையில போட்டுப்பாளாம். உன் வாசனை போயிடுச்சாம், ஆனா டீசல் கறை அப்படியே இருக்காம்.

தொலைஞ்ச கதையக் கேளு, சிரிச்சே செத்துடுவ. சரி, அது ஆயிடுச்சு. குன்றுக்கு அந்தாண்ட தடம் புரியாம நின்னிருக்கா. மத்தியானத்துக்கு மேல ஜில்லுனு ஒரு காத்து மொகத்துல அடிச்சிருக்கு. நம்ம ஊர்ல அந்நேரத்துக்கு மொகத்துல காத்தடிச்சா என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் கடலு, கடலப் பாத்துப் போனா வீடு. யோசிக்கவே இல்லையாம், காலு தன்னால காத்தப் பாத்து நடந்துடுச்சாம். கடலே இல்லாத சீமையில காரு கெழக்க நிக்குது, இவ கடலத் தேடி மேக்க போயிருக்கா! போலீசுக்காரன் எங்க கண்டுபுடிப்பான்? கடலூர்க்காரிக்குத்தான் இந்தத் தப்பு பண்ணத் தெரியும்.

ஆனா பொழுது சாயுறதுக்குள்ள புரிஞ்சிடுச்சாம். அதுக்கப்புறம் ஒரு அடி நகரல. எஞ்சின் நின்னுபோயி நீ ஒரு தடவ கடல்ல கெடந்தியே, படக விட்டு நீ எறங்கல, அதான் பொழச்ச. அத நெனச்சுக்கிட்டு, "இந்த மரம்தான் என் படகு"ன்னு சொல்லிக்கிட்டாளாம். கைலிய மேல விரிச்சு நாலு மூலையையும் கெளையில கட்டிட்டு, தண்ணிய வாய் நனைக்கிற அளவுக்குக் குடிச்சுக்கிட்டு, நெழலு நகர நகர இவளும் நகந்து உக்காந்திருக்கா.

ஹெலிகாப்டர் ஓட்டினவர் மேல இருந்து பாத்துட்டு, இங்க எப்படித் தண்ணி தேங்குச்சுன்னு நெனச்சுத்தான் வண்டியத் திருப்பினாராம். மூட்டின கைலியா இருந்தா இதுல பாதிதான் விரிஞ்சிருக்கும், கண்ணுல பட்டிருக்காதுன்னு அமுதா சொல்றா. போ, உன் சோம்பேறித்தனத்த இனிமே ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.

அந்த ரோசாப்பூ மாலைய என்ன பண்ணேன் தெரியுமா? ஆட்டோவுலேருந்து எடுத்தாந்து உன் போட்டோவுக்குப் போட்டேன். கொஞ்சம் வாடிப்போயிருந்துச்சு, ஆனா உனக்கு நல்லாத்தான் இருக்கு.

அடுத்த மாசம் உன் வருசப் படையலுக்கு அமுதா வர்றா. கைலியையும் கொண்டு வர்றா. அதுக்குள்ள சித்தப்பா ஆரம்பிச்சிட்டாரு. "நடந்தது நல்லதுக்குத்தான். ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தத் தடவ அத ஒழுங்காக் கடல்ல விட்டுடணும். துணி வீட்டுல இருந்தா செத்தவன் வீட்ட விட்டுப் போவ மாட்டான்"னு எல்லார் முன்னாடியும் சொல்றாரு.

தனம் காப்பி ஆத்திக்கிட்டு இருந்தா. நிமிந்து கூடப் பாக்கல.

"அவரு எங்க போவணும் மாமா? இருக்கட்டுமே"ன்னா.

சித்தப்பா காப்பிய வாங்கிக் குடிச்சுட்டு வேன்ல ஏறிட்டாரு.

அதனால மச்சான், உனக்கு நான் சத்தியம் பண்ணித் தர்றேன். உன் துணிய இன்னொரு தடவ இந்தக் கையால கடல்ல விட மாட்டேன். மூட்டவும் விட மாட்டேன். அமுதா வந்து எறங்கினதும் மத்தியானத்துக்கு மேல நம்ம கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, காத்தப் பாத்து நிக்க வெக்கிறேன். அவ காலு போற பக்கம் போவட்டும், இந்தத் தடவ அங்க கடல் இருக்கும். நீயும் வந்துடு.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன்,
உன் பொண்ணுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்னைக்கும் மச்சான்,
சேகர்