மூன்றாம் முறை கேட்கும் வரை

1986 ஏப்ரல் 13, ஞாயிறு. இக்காஸ்ட்.

இல்லை, பொறாமை இல்லை. பொறாமைப்படுவதற்கு எதிரில் ஏதாவது இருக்க வேண்டும். எதிரில் இருந்தது ஒரு ஆல்பம்.

தேவராசா மாமா நேற்று வந்தார். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல்களுக்குக் கதிரை, மேசை, கட்டில் என்று தளபாடம் விற்கிறவர். நாங்கள் அகதிகளாக இங்கே வந்து பதினெட்டு மாதம். எங்களைத் தேடிக் காரில் வந்த முதல் உறவினர் அவர்தான். விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த மெர்சிடிஸ். அதை எங்கள் மாடிக் குடியிருப்பின் வாசலில் நிறுத்தி கோர்ன் அடித்தார். சனிக்கிழமை மத்தியானம் டென்மார்க்கில் கோர்ன் அடிப்பதென்றால் யாரோ சாகக் கிடக்க வேண்டும். எல்லா யன்னலும் திறந்தன.

ஆல்பத்தில் இருபத்திரண்டு படங்கள். பங்களா. கார் முன்னாலிருந்து, கார் பக்கவாட்டில், கார் பின்னாலிருந்து. காரில் சாய்ந்தபடி மகன் விக்னராஜா. எனக்கு மச்சான் முறை. காரின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்துவிட்டேன். மச்சான் ஒரே பக்கம்தான், கறுப்புக் கண்ணாடியோடு.

வீட்டில் எல்லா அறைக்கும் ஏர்கண்டிஷனாம். பதினெட்டில் வைத்துவிட்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு இருப்பார்களாம். இங்கே அதைச் சும்மா தருகிறார்கள்.

ஆல்பத்தை இரண்டு தரம் பார்த்தேன். இதையும் எழுதி வைக்க வேண்டும்.

அண்ணி இடியப்பமும் கோழிக்கறியும் வைத்திருந்தாள். மாமா ஒரு தட்டு முடித்துக் காணும், போதும் என்றார். அண்ணி கரண்டியோடு நின்றாள். காணும் பிள்ளை என்றார். அவள் அசையவில்லை. ‘சீ, வயித்திலை இடமில்லை’ — சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். மூன்றாம் முறை. எங்கள் மரியாதை அப்படி. முதல் இரண்டு வேண்டாம் கணக்கில் இல்லை.

ஏப்ரல் 14

தையல் தொழிற்சாலையில் இன்று நானூற்றுப் பன்னிரண்டு சட்டைக் கழுத்துப் பட்டி தைத்தேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் மெய்யியல் படித்தது இதற்கு இடைஞ்சலாக இல்லை.

ஏப்ரல் 16, புதன்

ஹேர்னிங்கில் ஒரு ஹோட்டலில் இரவுச் சாப்பாடு. மாமாவின் செலவு. அண்ணை, அண்ணி, நான். மாமா சாப்பிடவில்லை, சாப்பாட்டைப் பற்றி விரிவுரை செய்தார். கோலாலம்பூரில் அவர் போகும் பிரெஞ்சு உணவகத்தில் இறைச்சி அவுஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வருமாம். மேசைக்குப் பக்கத்தில் நின்று பிராண்டி ஊற்றித் தீ வைப்பார்களாம். இங்கே பரிமாறிய பெண் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாமா விரலைச் சொடுக்கினார். அவள் திரும்பவில்லை. கோலாலம்பூரில் இவள் ஒரு மணித்தியாலம் வேலையில் நிற்கமாட்டாள் என்றார். அவளுக்கு அது பெரிய துக்கமாக இராது.

மலேசியாவிலேயே இப்போது கார் செய்கிறார்களே என்று அண்ணை கேட்டார். எங்கோ பத்திரிகையில் பார்த்திருக்கிறார். ‘அது சின்னச் சம்பளக் கிளாக்குமாருக்கு லா’ என்றார் மாமா, மலேசியப் பாணியில்.

மாமா இங்கே இரண்டு விஷயத்துக்கு வந்திருக்கிறார். ஒன்று, கதிரை. ஹேர்னிங்குக்கு வெளியே மேட்சன் என்று ஒருவர் மரக் கதிரை செய்கிறார். அவருடைய கதிரைகளுக்கு மலேசிய முகவராக வேண்டும். மற்றது, மருமகள். மேட்சனுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு டேனிஷ் தெரியும். இரண்டு விஷயமும் ஒரே ஆளால் முடியும் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

எல்லாம் சரிவந்தால் அண்ணைதான் மாமாவின் டென்மார்க் அலுவலுக்கு ஆள். மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் என் அண்ணை குணசேகரம் முதல் தடவையாகக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

‘என்ன மருமகள், எங்கடை ஊருக்கு வாறீரோ?’

‘இல்லை மாமா. எனக்கு வேண்டாம்.’

எல்லோரும் சிரித்தார்கள். ‘பொம்பிளைப் பிள்ளை கேட்டவுடனை ஓம் எண்டு சொல்லுமே?’ — அண்ணி. மாமா ஐஸ்கிரீமுக்குச் சொன்னார்.

பிறகு ஒன்று சொன்னார். அவர்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் காரில் பத்து நிமிடம். விட்ட படிப்பைத் தொடரலாம். அது எனக்குள் போய் விழுந்தது. இருபத்திரண்டு படத்திலும் இல்லாத ஒன்று. ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், நான் அந்தக் காரில் இருந்தேன்.

‘படிச்ச மருமகள் எண்டால் கிளப்பிலை ஒரு மதிப்பு’ என்று முடித்தார்.

ஆக, நானும் பக்கவாட்டில் எடுத்த படம். இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 17

அண்ணையிடம் தனியாகச் சொன்னேன், வேண்டாம் என்று. யோசிச்சுச் சொல்லு என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். வடிவாய் யோசி என்றார்.

ஏப்ரல் 19, சனி

மேட்சன் வீடு. மாமா, அண்ணை, நான். படலையைத் திறக்க ஒரு கிழவர் மரச் செருப்போடு வந்தார். முழங்காலில் மண். மாமா கார்க் கண்ணாடியை இறக்காமலே என்னைக் கேட்டார், முதலாளி எங்கே என்று. இவர்தான் என்றேன். நூற்றிருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். பின்னால் நிற்கும் பழைய வொல்வோ, நாய் மயிரோடு சேர்த்து, அவருடையது. மாமா அந்த வொல்வோவை நெடுநேரம் பார்த்தார். ஏமாற்றப்பட்டவரின் முகம்.

நான் ரசித்தேன். ஆனால் இவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. உள்ளே வெறும் தரை, வெறும் சுவர், ஒரு விளக்கு, ஆறு கதிரை. அந்த வெறுமையைச் செய்து முடிக்க எத்தனை ஆயிரம் போயிருக்கும்? இவர்களுடைய எளிமையும் ஒரு மெர்சிடிஸ்தான். கோர்ன் மட்டும் அடிக்காது.

கோழி, உருளைக்கிழங்கு, மண்ணிறக் குழம்பு. மேட்சனின் மனைவி பாத்திரத்தை நீட்டினார். மாமா மரியாதைக்கு ஒரு சிறு துண்டு எடுத்தார். அது முடிந்ததும் அந்த அம்மா மறுபடி நீட்டினார். காணும் என்று சொல்லச் சொன்னார் மாமா. சொன்னேன். பாத்திரம் சமையலறைக்குப் போய்விட்டது. மாமாவின் கண் அதன் பின்னாலேயே போனது.

பிறகு மேசையில் கடதாசி. மலேசியா சரி என்றார் மேட்சன். சிங்கப்பூரையும் எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள் என்றார். கேட்டேன். மாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை அணைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

‘சீச்சீ, அவ்வளவு பெரிய பொறுப்புக்கு நாங்கள் எங்கை? மலேசியாவே காணும். சிங்கப்பூர் வேண்டாம் எண்டு சொல்லும்.’

எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு முறை கேட்க வேண்டும் என்று அவர் காத்திருப்பது தெரியும். மேட்சன் ஒரு முறைக்கு மேல் கேட்கமாட்டார் என்பதும் தெரியும். அந்த மேசையில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்.

மலேசியா போதுமாம், சிங்கப்பூர் வேண்டாமாம் என்றேன்.

நல்லது என்றார் மேட்சன். பேனாவை மூடினார். ஹம்பர்க்கில் ஒருவர் சிங்கப்பூரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு எழுதிவிடுகிறேன் என்றார். பிறகு நாயைப் பற்றிப் பேசினார்.

ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றாமல் விட்டதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததா?

இருந்தது.

காரில் மாமா கேட்டார், அவன் ஏன் திரும்பச் சிங்கப்பூரைப் பற்றிக் கதைக்கவில்லை என்று. ஹம்பர்க்காரருக்குப் போகிறது என்றேன். காரை ஓரம் கட்டினார்.

‘நான் வேண்டாம் எண்டால் வேண்டாமே? நீர் தமிழ்ப் பிள்ளைதானே? உமக்கு விளங்கேல்லையோ?’

‘விளங்கினது மாமா.’

‘பிறகு?’

முன் இருக்கையில் அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சத் தூரம் போனபின் மாமா பசிக்குது என்றார். வழியில் ஒரு சொசேஜ் கடை. பிரெஞ்சு உணவகத்தின் நிரந்தர வாடிக்கையாளர் மெர்சிடிஸ் பக்கத்தில் நின்றபடி இரண்டு ஹொட்டோக் சாப்பிட்டார். மீசையில் கடுகுச் சாந்து.

ஏப்ரல் 20, ஞாயிறு

சிங்கப்பூர் போனால் என்ன, மருமகள் இருக்கிறாள். மாமா காலையில் கோலாலம்பூருக்குத் தொலைபேசி எடுத்தார். எங்கள் வீடு சின்னது, எல்லாம் கேட்கும். பெட்டைக்கு விருப்பம், கேட்டாச்சு, கலியாணத்தை ஆவணியில் வைப்பம் என்றார்.

சமையலறைக்குப் போனேன். நான் என்ன சொன்னேன் என்று அண்ணியைக் கேட்டேன்.

‘நீர் இரண்டு தரம்தானே வேண்டாம் எண்டனீர்’ என்றாள்.

பகிடி இல்லை, முகத்தில் சிரிப்பில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

‘இப்ப மூண்டாம் தரம் சொல்லுறன் அண்ணி.’

‘இப்ப கோவத்திலை சொல்லுறீர். கோவத்திலை சொல்லுறது கணக்கில்லை.’

எந்த நிலையில் சொன்னால் கணக்கு? வெட்கம் என்றால் ஓம். கோபம் என்றால் ஓம். பேசாமல் இருந்தால் நிச்சயமாக ஓம். மாமாவின் வேண்டாமை நான் வேண்டாம் என்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னுடையதை இவள் ஓம் ஆக்கிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் இருவரில் அண்ணிதான் நல்ல மொழிபெயர்ப்பாளர்.

ஆவணிக்கு இன்னும் நாலு மாதம்.

ஏப்ரல் 22

மத்தியான இடைவேளையில் மேட்சனுக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மாமாவின் வியாபாரத்தைக் கெடுத்து அவரைப் பழிவாங்குவது என் வேலை அல்ல. அல்லது, அது அவ்வளவு இனித்தது எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஆட்கள் முதலில் மறுப்பது ஒரு மரியாதை என்று விளக்கினேன். டேனிஷில் சொல்லும்போது முட்டாள்தனமாகக் கேட்டது. மேட்சன் கேட்டார்: அப்படியென்றால் நீங்கள் உண்மையாகவே வேண்டாம் என்று சொல்வதை எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்குத் தெரியாது என்றேன்.

ஹம்பர்க்குக்கு இன்னும் எழுதவில்லையாம். வியாழன் வரச் சொன்னார்.

ஏப்ரல் 24, வியாழன்

மேட்சனின் தொழிற்சாலைக் கந்தோர் அறை. மரத்தூள் மணம். அண்ணை புதுக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மேட்சன் மறுபடி சிங்கப்பூரைக் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் மாமா தலையாட்டிவிட்டார். எந்த மொழியிலும் விளங்கும் தலையாட்டல்.

மாமாவுக்கு ஒரே குதூகலம். என் கலியாணத்தைப் பற்றி முதலாளிக்குச் சொல்லச் சொல்லி அண்ணையைத் தட்டினார். அண்ணைக்குத் தொழிற்சாலை டேனிஷ்தான். என்னைக் காட்டி, மாமாவைக் காட்டி — மகன், கலியாணம், ஓகஸ்ட்.

மேட்சன் அண்ணையிடம் கேட்கவில்லை. என்னிடம் திரும்பிக் கேட்டார். கலியாணம் முடிக்க மலேசியா போகிறீர்களா?

‘நை’ என்றேன். இல்லை.

‘ம்’ என்றார். ஒப்பந்தத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. சிரிக்கவில்லை. திரும்பக் கேட்கவில்லை. வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, என் சொல்.

‘என்னவாம்?’ — மாமா.

‘உங்கடை மகனைக் கட்டப் போறனோ எண்டு கேட்டவர்.’

‘நீர் என்ன சொன்னனீர்?’

‘இல்லை எண்டன்.’

மாமா சிரிக்கத் தொடங்கினார்.

‘அவருக்கு விளங்கியிட்டுது மாமா. பாருங்கோ, அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார்.’

சிரிப்பு பாதியில் நின்றது. மேட்சன் பேனாவை நீட்டிக்கொண்டு இருந்தார். மாமா பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெள்ளைக்காரனுக்கு முன்னால் சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். கையெழுத்துப் போட்டார். மூன்று இடத்தில்.

அண்ணை கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

ஏப்ரல் 25

மாமா போய்விட்டார். வாசலில் அண்ணியிடம், எனக்குக் கேட்கும்படி: ‘படிப்பு கூடிப்போச்சு.’ ஆல்பத்தை மறக்காமல் கொண்டுபோனார்.

கோலாலம்பூருக்கு இனி என்னென்று சொல்வது என்று அண்ணி அழுதாள். இல்லை என்று சொல்லுங்கோ என்றேன். அவை நம்பமாட்டினம் என்றாள். அது உண்மை. நானே விக்னராஜாவுக்கு எழுதினேன், ஆங்கிலத்தில், நாலு வரி. மன்னிப்பு, நன்றி ஒன்றும் போடவில்லை. போட்டால் அதற்குள் ஒரு ஓம் தேடுவார்கள். தபாலில் சேர்த்தாயிற்று.

ஏப்ரல் 28

நாலு நாளுக்குப் பிறகு அண்ணை கதைத்தார். சப்பாத்துக் கட்டிக்கொண்டு, என்னைப் பாராமல்.

‘டென்மார்க் அலுவலுக்கு வேறை ஆளாம். மாமா கடிதம் வைச்சிட்டுப் போயிருக்கிறார்.’

கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனார். சட்டையில் மீன் மணம், எவ்வளவு தோய்த்தாலும்.

இதற்கு என்னிடம் நக்கல் இல்லை.

மே 11, ஞாயிறு. ஹோர்சன்ஸ்.

யசிந்தாவின் அறை, இனி எனக்கும் அதுதான். அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள், இப்போது இங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை. அங்கே எனக்கும் இடம் கேட்டிருக்கிறாள். அண்ணைதான் பெட்டியை ரெயில் வரை தூக்கி வந்தார். பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு இறங்கினார்.

விட்ட படிப்பைத் தொடர மாலை வகுப்பு, அதற்கான படிவம் நாலு பக்கம். பல்கலைக்கழகத்தில் படித்த வருடங்களை எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். எழுதினேன். சைக்கிளில் போய்ப் பள்ளிக்கூடத்தின் தபால் பெட்டியில் போட்டேன். திரும்பும்போது மழை. யசிந்தாவின் மேலங்கியைக் காயப் போட்டுவிட்டு, இருவருக்குமாகச் சோறு வைத்தேன்.