பாதி வசனத்தை ஒலிபரப்பிய வானொலி மீது முறைப்பாடு

அனுப்புபவர்:
திருமதி பாலேஸ்வரி ஆனந்தராஜா,
பொயிண்ட் குக், மெல்பேர்ண்.

பெறுபவர்:
திரு. கதிர்காமநாதன் அவர்கள்,
தலைவர், நிருவாகக் குழு,
தென்திசைத் தமிழ் வானொலி, மெல்பேர்ண்.

விடயம்: அமெரிக்க அரசியல் பற்றிய எனது நேர்காணலை வெட்டி, நான் சொல்லாததைச் சொன்னதாக ஒலிபரப்பியமை.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. நான் ஓய்வுபெற்ற மருந்தாளர். அரசியலில் பழமைவாதி. இதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. ஒரு நாட்டின் எல்லைக்குச் சட்டம் வேண்டும், பாடசாலையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை வேண்டும் என்பவை என் நிலைப்பாடுகள். அமெரிக்காவின் பெரிய செய்தி நிறுவனங்கள் ஒரு கட்சிக்காரர் செய்தால் “தவறு” என்றும், மற்றக் கட்சிக்காரர் அதையே செய்தால் “குற்றம்” என்றும் எழுதுகின்றன என்பது என் நெடுநாள் குற்றச்சாட்டு. உங்கள் வானொலியிலேயே இதைப் பலமுறை பேசியிருக்கிறேன். நேயர்கள் தொலைபேசியில் அழைத்து என்னைத் திட்டியிருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. அதுபற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

2. கடந்த மாதம் உங்கள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் திரு. அருந்தவன், அமெரிக்கக் குடிவரவுக் கொள்கை பற்றிப் பேச என்னை அழைத்தார். நிலையத்துக்குச் சென்று பேசினேன். செய்தித்துறையை நம்பாத பழக்கத்தால் என் தொலைபேசியிலும் அதைப் பதிந்துகொண்டேன். பேச்சு இங்கே அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர்கள் பக்கம் திரும்பியபோது நான் சொன்னது இது:

“எல்லைக்குச் சட்டம் வேணும். படகில வந்தவையை எல்லாம் திருப்பி அனுப்பவேணும் எண்டு சில பேர் கதைக்கினம். அப்பிடிக் கதைக்கிற ஆக்களோட நான் இல்லை. தஞ்சம் கேட்டு வந்தவனை விசாரிச்சு முடிவு சொல்லுறதும் சட்டம்தான்.”

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒலிபரப்பியது இது:

“எல்லைக்குச் சட்டம் வேணும். படகில வந்தவையை எல்லாம் திருப்பி அனுப்பவேணும்.”

அதன் பின் இசை. “எண்டு” என்ற சொல்லுக்கு முன்னால் கத்தரிக்கோல் வைத்தவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பிறர் பேச்சு என் பேச்சாகிவிடும் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் தனியாக எடுத்து, என் படத்துடன் உங்கள் முகநூல் பக்கத்திலும் போட்டார்.

3. எங்கள் வீட்டின் பின்பகுதியில் யதுஷன், வினுஷா என்ற இளம் தம்பதியினர் வாடகைக்கு இருந்தார்கள். இருவரும் படகில் வந்தவர்கள். இன்னும் தற்காலிக விசாதான். யதுஷனுக்கு ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வினுஷாவுக்குப் பிரசவ வலி வந்தபோது மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றவளும், குழந்தையை முதலில் கையில் வாங்கியவளும் நான்.

ஒலிபரப்புக்கு மறுநாள் வேலைத்தலத்தில் கூட வேலைசெய்யும் தமிழர் சிலர் அந்தத் துண்டை யதுஷனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். “இவவின்ர வீட்டிலயோ இருக்கிறாய்?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவர் வந்து எங்கள் குசினி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“அன்ரி, இது உங்கட குரல்தானே?”

“குரல் என்ரதுதான் தம்பி, ஆனா...”

“அப்ப சரி அன்ரி” என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். முழுப் பதிவையும் போட்டுக் காட்ட அவர்கள் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. அந்தக் கிழமை முடியுமுன் வீட்டை விட்டுப் போனார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிய வினுஷா என் முகத்தைப் பார்க்கவில்லை.

4. திரு. அருந்தவனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் தந்த விளக்கத்தை அப்படியே தருகிறேன்: “நேரம் காணேல்லை அன்ரி, சுருக்கினனாங்கள். உங்கட பக்கத்து ஆக்கள் அதைத்தானே சொல்லுறவை.”

தலைவர் அவர்களே, இது சுருக்கம் அல்ல, தீர்ப்பு. நான் எந்தப் பக்கத்தவள் என்பதை முதலில் முடிவு செய்து, அந்தப் பக்கத்தவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதையும் தானே முடிவு செய்து, அதற்கு என் தொண்டையைப் பயன்படுத்தியிருக்கிறார். திருத்தம் கேட்டேன். அடுத்த மாதம் வந்து “விளக்கம்” கொடுக்கலாம் என்றார். வெட்டியவர் அவர், விளக்கம் கொடுக்க வேண்டியவள் நானா? மறுத்துவிட்டேன்.

5. வசைகளை நான் தாங்குவேன். ஆனால் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் நன்றாக உடுத்த ஒருவர் என் கையைப் பிடித்து, “நாங்கள் சொல்லப் பயந்ததை நீங்கள் துணிஞ்சு சொல்லிப்போட்டீங்கள் அன்ரி” என்று பாராட்டினார். கையை உதறிவிட்டு, நான் அப்படிச் சொல்லவில்லை என்று பலர் கேட்கக் கத்தினேன். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. அதை எனக்குத் தேடித் தந்தது உங்கள் வானொலி.

6. விலாசம் விசாரித்து யதுஷனின் புதிய வீட்டுக்குப் போனேன். வினுஷா கதவைத் திறந்து, சற்றுத் தயங்கி, கதிரை போட்டாள். முழுப் பதிவையும் போட்டுக் காட்டினேன். யதுஷன் தலை குனிந்து கேட்டார். பிறகு சொன்னார்: “நான் நம்புறன் அன்ரி. நான் பிழையா நினைச்சுப்போட்டன். ஆனா வேலையில எல்லாரும் மற்றதைத்தானே கேட்டவை. ஒவ்வொருத்தருக்கும் நான் போய்ச் சொல்ல ஏலுமோ?”

ஏலாது. அவரால் முடியாது, என்னாலும் முடியாது. உங்களால் மட்டுமே முடியும். அதனாலேயே இந்த மனு.

7. எனவே நான் கோருவது: அதே ஞாயிறு நிகழ்ச்சியில், அதே நேரத்தில், என் பேச்சு ஒரு சொல்லும் குறையாமல் ஒலிபரப்பாக வேண்டும். வெட்டியது நிலையமே என்பதைத் திரு. அருந்தவன் தன் வாயால் அறிவிக்க வேண்டும். முகநூலில் உள்ள துண்டு நீக்கப்பட்டு, அந்த இடத்தில் முழுப் பதிவும் வர வேண்டும். அவருடைய வேலையைப் பறிக்கும்படி நான் கேட்கவில்லை. இவை நடக்காவிட்டால், ஒலிபரப்பு ஒழுங்குமுறை அதிகாரசபையிடம் இரண்டு பதிவுகளையும் கையளிப்பேன்.

என் அரசியலை ஏற்கும்படி உங்களையோ உங்கள் நேயர்களையோ நான் கேட்கவில்லை. என்னை வெறுப்பவர்கள் தாராளமாக வெறுக்கட்டும். ஆனால் நான் சொன்னதற்காக வெறுக்கட்டும்.

உங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
பாலேஸ்வரி ஆனந்தராஜா

இடம்: பொயிண்ட் குக்
திகதி: 15.09.2025