மல்லாட்டைக்கு அடியில்

அன்புள்ள அக்கா,

அப்பா தூங்கிவிட்டார். நாளைக்கு அம்மா திண்டிவனத்தில் உன் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவரும் மல்லாட்டைப் பையின் அடியில் இதை வைக்கிறேன். மாமா வேர்க்கடலையைத் தொடவே மாட்டார் என்று நீதான் சொன்னாய். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடக்கிறது. கோட்டக்குப்பத்து ஹுமைரா டீச்சர் சொல்லித் தருகிறார். யாராவது மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும். கட்டைவிரல் தனி விரல், தாங்காது.

தவக்காலத்தில் நீ வந்தபோது, மணிக்கட்டில் வளையல் கீறிவிட்டது என்றாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பில் எல்லோரும் கையை விடுவித்தோம். விடுவித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தோம். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, பஸ்ஸுக்கா நின்னுகினு இருக்கீங்க? மறுபடி புடிச்சுக்குவான். ஓடுங்க."

பிலோமினா அத்தை கேட்டார்: "எங்க டீச்சர் ஓடறது?"



"இனிமே தனியா வந்தா கதவத் தொறக்க மாட்டேன்" என்று அப்பா உன்னிடம் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்பா என்றால் எனக்குப் பயம்.

இன்றிலிருந்து கதவோரம் பாய் போட்டுப் படுக்கிறேன். கையை விடுவித்ததும் அங்கேயே நிற்காதே அக்கா. நேரே கோலியனூருக்கு, நம் வீட்டுக்கு வா. ஒரு தட்டு தட்டினால் போதும். அப்பா விழித்துக்கொண்டாலும் திறப்பேன்.

உன் தங்கை