கூலி என்று சொன்ன நைனாவுக்கு

என் தங்கமான நைனா,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நன்றி கெட்டவள் என்பாய். ஆற்றங்கரையிலிருந்து காலி செய்துவிட்டு சர்க்கார் கொடுத்த இந்த வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது. மழை வந்தால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் ஊருக்கு வெளியே, ஆறாவது மாடி. அடையாற்றங்கரையில் கீரை பயிரிட்ட நான், இப்போது இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிறேன். எல்லாம் என்னிடம் கீரை வாங்கிய வீடுகள்தான்.

ஏன் இப்படி ஆனது? கரையில் கணக்கெடுக்க வந்தவர் தொழில் என்னவென்று கேட்டபோது, "கூலி சார்" என்றாய். புறம்போக்கில் பயிர் வைக்கிறோம் என்றால் கேஸ் போடுவார்களோ என்று பயந்தாய். உன்னைப் பார்த்து எல்லாரும் அதையே சொன்னார்கள். பயிர் வைக்கிறவனுக்குத்தான் மாற்று நிலம், கூலிக்காரனுக்கு எதற்கு? வீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது எதிர்க்கரைக்காரர்களையும் காலி செய்யப் போகிறார்கள். போன வாரம் அடையாறில் ஒரு மண்டபத்தில் அவர்களுக்குக் கூட்டம். புது வீட்டில் சௌக்கியமாக இருக்கிறோம் என்று சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நீ கண்ணை மூடிய பிறகும் வீடு உன் பேரில்தான் இருக்கிறது, என் பேருக்கு மாற்றச் சொல்லி அலைந்துகொண்டிருக்கிறேன். "நல்லபடியா பேசும்மா, உன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு" என்றார் அதிகாரி.

மைக்கைப் பிடித்தேன். "கக்கூஸ் கீது, கரண்ட் கீது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இன்னா தொழில்னு கேட்டா கூலின்னு சொல்லாதீங்க, விவசாயம்னு சொல்லுங்க. எங்க நைனா பயந்துகினு கூலின்னுட்டாரு. அதான் நான் ஊட்டு வேலை செஞ்சிக்கினு கீறேன்" என்றேன்.

ஊர் முன்னால் உன்னைத் தப்பு சொல்லிவிட்டேன். கோபமா? கோபப்பட்டுக்கொள். நீ பயந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. உன்னைப் பயப்பட வைத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் எதிர்க்கரையில் கணக்கெடுப்பு. வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே போய் நின்றேன். முதல் வீட்டுப் பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "கீரை பயிர் வெக்கிறேன் சார், எழுதிக்கோ" என்றார். அடுத்த வீட்டிலும் அதுதான், அதற்கடுத்த வீட்டிலும் அதுதான். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்ட அதே அதிகாரி எழுதிக்கொண்டே போனார். கிளம்பும்போது, என் ஃபைல் இனிமேல் நகராது என்று சொன்னார்.

நகராமல் கிடக்கட்டும். வாரா வாரம் அந்த மேஜை முன்னால் போய் நிற்பேன். யார் மகள் என்று கேட்டால் உன் பேரைச் சொல்வேன். நீ சொல்லாமல் விட்ட தொழிலையும் சேர்த்துச் சொல்வேன் நைனா, இது உன் மேல் சத்தியம்.

உன் மூத்த மகள்,
செல்வி