வால்வுக்கு ஒரு அம்மா

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

சுடர்விழி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? குறுவை நடவு முடிந்ததா? போனில் சொன்னால் அப்பா பிடுங்கிக்கொண்டு கத்துவார் என்பதால்தான் இந்தக் கடிதம்.

பட்டறையில் முதல் முறையாக ஒரு வால்வு ப்ரீஆம்ப்பை நானே தனியாக அசெம்பிள் செய்தேன். பாட்டின் சன்னமான சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி அது; பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. பெரிதாக்கத்தான் செய்தது. ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை அப்பா கூப்பிடுவது போல ஒரே கரகரப்பு. முதலாளி ஹாரிசன் முகம் சுளித்தார். வேலை போய்விடுமோ என்று உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம் வந்தது. அப்பா கத்தும்போதெல்லாம், "மெல்லப் பேசுங்க, இங்கதானே இருக்கேன்" என்பாயே! உடனே சத்தம் குறையும், சொல்வதும் புரியும்.

அதையே செய்தேன். வால்வு பெரிதாக்கியதில் கொஞ்சத்தை ரெசிஸ்டர் என்கிற சின்ன மின்தடை வழியாக அதே வால்வுக்குத் திருப்பிவிட்டேன். அது எதிர்த்து வருவதால் வால்வு அடங்கியது. சத்தம் சற்றுக் குறைந்தது, கரகரப்பு போயே போய்விட்டது.

"யார் சொல்லித் தந்தது?" என்றார் முதலாளி.

"எங்கம்மா" என்றேன்.

இப்போது உன்னைப் பெரிய இஞ்சினியர் என்று நம்பி, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சந்தேகம் கேட்கப்போகிறார். எதைக் கேட்டாலும் "மெல்லப் பேசுங்க" என்று சொல்லிவிடு. மற்றதை நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

பூண்டு ஊறுகாய் அனுப்பு. பேசி முடித்து முதலாளி எழுந்து போனதும் என்னையும் ஒரு தடவை அதட்டு. அறையில் நான் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், மெல்லப் பேசு என்று சொல்ல இங்கே ஆளில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் சுடர்