உன் பக்கத்துக் கதவு

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் உன் அண்ணியும் அவர் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று ஆச்சரியப்படாதே. போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார். "அவ குளிக்கிறா தம்பி" என்கிறார். நானும் காலை, மதியம், சாயங்காலம் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். அங்கே தண்ணீர்க் கஷ்டமே இல்லை போலிருக்கிறது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது, குரலே காட்டிக் கொடுத்துவிடுகிறது. அவருக்கு இருக்கிற துக்கம் போதும், இந்த வேலையையும் அவர் தலையில் கட்டாதே. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். செடிகளில் பாதி பிழைத்திருக்கின்றன. கிரீஸ் துடைத்த துணியை மறதியில் என் சட்டைகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டுவிட்டேன். இப்போது எல்லாச் சட்டையும் ஒரே நிறம். குடிநீர் அலுவலகத்தில் மேலாளர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சார், மீட்டர் கணக்க விட்டுட்டு மெக்கானிக்காவே ஆயிட்டீங்களா?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் அவரைவிட நன்றாகக் கேட்டிருப்பாய்.

நம் மகள் போனில் பேசினாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நீ எப்போது திரும்பி வருவாய் என்று அவளிடம் சாடையாக விசாரித்தேன். "அத என்கிட்ட கேக்காதீங்கப்பா, அம்மாகிட்ட கேளுங்க" என்று வெட்டிவிட்டாள். வாயெல்லாம் அப்படியே உன்னைப்போல.

உன் சக்களத்தியைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று உட்கார்ந்தேன். அந்தத் துருப்பிடித்த பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்த அன்றே நீ அதற்கு இந்தப் பெயர் வைத்துவிட்டாய். பிறகு நான் லீவு நாள் முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடந்தபோதெல்லாம், போன் செய்கிறவர்களிடம் "அவரு சின்ன வீட்டுல இருக்காரு" என்று சொல்லிச் சிரிப்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அதைத் தொடாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை. கோபப்படாமல் படி.

அன்றைக்கு நடந்ததை நாம் இன்னும் பேசவில்லை. மருத்துவமனையிலும் பேசவில்லை, துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பேச வழியுமில்லை. கூட்டம் கலைந்த பிறகு, "அண்ணி தனியா இருக்காங்க, நான் இருக்கேன்" என்று சொல்லி நீ அங்கேயே தங்கிவிட்டாய். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நடுவில் சாக்குச் சொல்லாமல் எழுத முடிகிறதா பார்க்கலாம்.

அண்ணி போன் செய்தார். மச்சானுக்கு மூச்சு திணறுகிறது, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது, தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொன்னார். நீ கட்டியிருந்த துணியோடு வந்து வண்டியில் ஏறினாய். வழியில் பழைய சாமான் கிடங்கு வந்தது. நம் வண்டிக்குப் பொருந்தும் கார்புரேட்டர் ஒன்று வந்திருப்பதாகக் கிடங்கு வைத்திருக்கும் தொப்பிக்காரர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். என்ஜின் இருமிக்கொண்டிருந்தது உண்மைதான். (பார், சாக்கு வந்துவிட்டது.) "அஞ்சே நிமிஷம், வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லி இறங்கினேன். தொப்பிக்காரர் கார்புரேட்டரைக் காட்டினார். பிறகு ஒரு பின்கதவைக் காட்டினார், கீறல்கூட இல்லை. பிறகு நம் வண்டியின் அதே வருடத்து டாஷ்போர்டு ஒன்று உள்ளே கிடக்கிறது என்றார். நான் உள்ளே போனேன். எனக்கு அப்போது மச்சானும் ஞாபகத்தில் இல்லை, நீயும் இல்லை.

உன் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியும் இறங்காது. கியர் கம்பியைத் தாண்டி என் பக்கமாக இறங்க உன் முழங்கால் இடம் கொடுக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் திரும்பி வந்தபோது உனக்கு முகமெல்லாம் வேர்வை. நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "போலாமா" என்று மட்டும் கேட்டாய். மருத்துவமனைப் படியில் அண்ணி நின்றிருந்த கோலத்தைப் பார்த்ததுமே நம் இருவருக்கும் புரிந்துவிட்டது. "இப்பத்தான், கொஞ்ச முன்னாடிகூடக் கேட்டாரு" என்று அவர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் கையில் கார்புரேட்டர் பொட்டலத்தோடு நின்றேன். அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வரக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நீ என்னைத் திட்டவில்லை. சட்டையில் கிரீஸ் பட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வண்டியை எடுக்கவே மனம் வராமல், சுவரை ஒட்டி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிக் கட்டைமேல் ஏற்றியிருந்தேன். பேட்டரி வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. அன்று போய் உன் பக்கத்துக் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். இந்த வண்டியில் நான் கை வைக்காத இடம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். என் கணக்கு உனக்குத் தெரியும். வண்டி ஓடுவதற்கு என்ன வேண்டுமோ அது முதலில், நிற்பதற்கு என்ன வேண்டுமோ அது அடுத்து, மற்றதெல்லாம் அப்புறம். நீ கதவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்பேன். கிளட்சு மாற்றினேன், பட்டை ஸ்பிரிங் மாற்றினேன், என்ஜினை இரண்டு முறை இறக்கி ஏற்றினேன். உன் கதவு அப்புறத்திலேயே இருந்துவிட்டது.

உள்ளே என்ன கோளாறு தெரியுமா? கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் கிளிப். நகத்தளவுதான் இருக்கும். அது உடைந்து கதவுக்குள் விழுந்து கிடந்தது. ஒரு காபி குடிக்கிற நேரத்து வேலை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஒரு துண்டுக் கம்பியை வளைத்து மாட்டி, உள்பலகையைத் திரும்பத் திருகி மூடினேன். சோதித்துப் பார்க்கலாமென்று உன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கைப்பிடியை இழுத்தேன். கம்பி கழன்று உள்ளே விழுந்த சத்தம்தான் கேட்டது, கதவு திறக்கவில்லை. என் பக்கத்துக் கதவு சுவரில் இடிக்கிறது, ஒரு பூனைகூட வெளியே போக முடியாது. போனும் ஸ்குரூ டிரைவரும் பானட்டின் மேல் எனக்கு எதிரிலேயே இருக்கின்றன. எட்டி ஹாரனை அழுத்தினேன், பேட்டரி இருந்தால்தானே அடிக்கும்! நன்றாக மாட்டிக்கொண்டேன். சிரி, பரவாயில்லை. நீ சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வேறு வேலையில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. வண்டி வந்த நாளாக எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பக்கம்தான். உன் இருக்கையில் ஒரு ஸ்பிரிங் தொடையில் குத்துகிறது. நீ பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டிருந்ததை அழகுக்கென்று நினைத்திருந்தேன். காலடியில் ஓர் ஓட்டை, தரை தெரிகிறது. ஓடும்போது புழுதியும் சூடும் அங்கேதான் ஏறியிருக்கும். நீ அதன்மேல் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டிருந்தாய். வண்டிக்குள் குப்பை போடாதே என்று நான் உன்னிடம் சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. நீ அப்போது ஏன் பதில் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மாடிக்குத் துணி காயப்போட வந்தவர், நான் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டு இறங்கி வந்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன சார், அக்கா விட்ட சாபமா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். நானும் அசடு வழிந்துகொண்டு இறங்கினேன். அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. வெளியே போய்விட்டு வரும்போது நான் பாட்டுக்கு இறங்கி, பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேனாம். நீ உள்ளேயே உட்கார்ந்திருப்பாயாம். "நான் தொறந்து விடட்டாக்கான்னு எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். வேணாம், அவரு வருவாருன்னுவாங்க" என்றார்.

அவர் போன பிறகு நான் மறுபடி ஏறி உன் இடத்தில் உட்கார்ந்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான். ஹாரன் அங்கிருந்து கைக்கு எட்டுகிறது. நான் மாட்டிக்கொண்டபோது எட்டித்தானே அழுத்தினேன். கிடங்கில் அன்றைக்கு வண்டியில் பேட்டரி இருந்தது. நீ ஒருமுறை அழுத்தியிருந்தால் நான் அலறியடித்து ஓடி வந்திருப்பேன்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏன் அடிக்கவில்லை, அடித்திருந்தால் மச்சானை நீ பார்த்திருக்கலாமே, இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற நேரமா அது என்று தனியாக நின்று கத்தினேன். ஸ்பானரை எறிந்தேன். அது போய் உன் செம்பருத்தித் தொட்டியை உடைத்தது. பிழைத்த பாதியில் அதுவும் ஒன்று, மன்னித்துக்கொள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. ஹாரன் அடித்தால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். நீ அடிக்காமலே நான் வருகிறேனா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதுவும் அன்றைக்கு, உன் அண்ணன் கிடக்கிற நிலைமையில்கூட, இன்றைக்காவது அவருக்கு ஞாபகம் வரும் என்று நினைத்து உட்கார்ந்திருந்திருக்கிறாய். எனக்கு வரவில்லை. அதை இப்போது நீ உன்மேலும் போட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான்தான் ஹாரன் அடித்திருக்க வேண்டும், நான்தான் பிடிவாதம் பிடித்தேன் என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருப்பாய். வேண்டாம், அப்படி நினைக்காதே. அது முழுக்க என்னுடையது. உனக்கு அதில் பங்கு கிடையாது.

கதவு இப்போது திறக்கிறது. கண்ணாடி இறங்குகிறது, ஸ்பிரிங்கை மாற்றிவிட்டேன், ஓட்டைக்குத் தகரம் வைத்து ரிவிட் அடித்துவிட்டேன். என்ஜின் பக்கம் போகவே இல்லை, கை நமநமவென்றுதான் இருந்தது. வண்டியை விற்றுவிடுகிறேன் என்றும் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் நீ நம்ப மாட்டாய், எனக்கே நம்பிக்கை இல்லை. இதையெல்லாம் சரிசெய்துவிட்டேன், வா என்று உன்னைக் கூப்பிடவும் வாய் வரவில்லை. கதவைச் சரிசெய்தால் மச்சான் வரப்போவதில்லை. எதையும் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிடலாம் என்று இத்தனை வருடம் வீறாப்பாகப் பேசியிருக்கிறேன். இதற்கு என்னிடம் ஒரு வழியும் இல்லையம்மா.

நீ கூப்பிடட்டும், அப்புறம் போகலாம் என்றுதான் இத்தனை நாளும் இங்கே இருந்துவிட்டேன். நீ கொஞ்சம் ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் கிடங்கில் நின்ற மாதிரிதான் என்று இப்போதுதான் உறைக்கிறது.

ஆகவே வருகிற ஞாயிறு முதல் பேருந்தில் புறப்பட்டு வருகிறேன். வண்டியில் வரவில்லை. உன்னைத் திரும்ப அழைத்துப் போக வரவில்லை, அண்ணியிடம் நியாயம் பேசவும் வரவில்லை. நீ பேசாவிட்டாலும், முகம் பார்க்காவிட்டாலும் சரி. அங்கே வெளியே ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள். முழங்காலுக்குத் தைலம் போடாமல் விடாதே. அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல். நீ நன்றாயிருக்க வேண்டும்.

நீ கூப்பிடவில்லை என்று தெரியும். கூப்பிடாமலே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்