முதுகால் போட்ட கோல்

மச்சான்,

இன்று காலை என் பெண் விளக்கெண்ணெயைக் கரண்டியில் சூடுபண்ணிக் கொண்டுவந்து என் முழங்காலில் தேய்த்தாள். மழைக்காலம் வந்தால் இந்த முட்டி என்னைப் படுத்துகிற பாடு உனக்குத் தெரியும். விளக்கெண்ணெய் வாசனைக்கு மற்றவர்களுக்கு வைத்தியர் ஞாபகம் வரும், சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அம்மா ஞாபகம் வரும். எனக்குத் தோல் பந்து ஞாபகம் வந்தது. பந்தோடு நீயும் வந்தாய். உன் பின்னாலேயே பழைய வயிற்றெரிச்சலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. செத்தும் என்னை விடமாட்டாய் போலிருக்கிறது.

போன மாதம்தான் பூந்தமல்லிக் கல்லறையில் உன் மேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். அங்கேயும் உன் பேச்சுதான். வெள்ளைக்கார சோல்ஜர்கள் பூட்ஸ் போட்டு ஆட, வெறுங்காலோடு நீ அவர்களுக்குத் தண்ணி காட்டிய கதையை ஒருவர் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் நடந்தபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார். கடைசியில் என்னைக் காட்டி, 'ஐயாவும் கூட ஆடினவர்தான்' என்றார். கூட ஆடினவர். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குக் கிடைத்த பட்டம் அவ்வளவுதான்.

நம் சீசனைப் பற்றி இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மற்ற ஊரில் காலண்டர் பார்த்து ஆட்டம் ஆரம்பித்தார்கள் என்றால் நமக்கு ஏரிதான் காலண்டர். சித்திரையில் ஏரி வற்றி, மேட்டுப்பக்கத்து வண்டல் காய்ந்து இறுகியதும் சவுக்குக் கம்பு நட்டுக் கோல் கட்டுவோம். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி வந்து தாழ்வான பக்கத்துக் கம்பைத் தொட்டால் சீசன் முடிந்தது. நடுவில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நம்முடையவை. ஒரு வாரம் அம்பத்தூர்க்காரன் வருவான், ஒரு வாரம் பட்டாபிராம்காரன் வருவான். நீ காலையில் கோயில் பூசைக்குப் போய்விட்டு, மாலையில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஏரியில் இறங்குவாய். அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க ஆள் கிடையாது.

பந்து ஒன்றே ஒன்று. யுத்த காலத்தில் இன்னொன்றுக்கு எங்கே போவது? அதனால் அதைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டோம். எவன் அடித்த கோலில் ஜெயித்தோமோ அவன் வீட்டுக்குத்தான் அன்றைக்குப் பந்து போகும். அடுத்த ஞாயிறு வரைக்கும் அதற்கு விளக்கெண்ணெய் தடவி, தோல் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. நம் கேப்டன் எத்திராஜு அண்ணாத்தே போட்ட சட்டம் அது. சீசனின் கடைசி ஆட்டத்தில் ஜெயிக்க வைப்பவனுக்கு இன்னும் பெரிய பாக்கியம். மறுபடி ஏரி வற்றும்வரை, மழைக்காலம் முழுக்கப் பந்து அவன் வீட்டில்தான் இருக்கும்.

சோல்ஜர்களோடு ஆடிய அந்த வருஷம் பந்து உன் கையை விட்டு அநேகமாக நகரவே இல்லை. தப்பித் தவறி ஒரு வாரம் எத்திராஜு அண்ணாத்தே வீட்டுக்குப் போயிற்று. கோல் காக்கிற நம் கோலி கூட பெனால்டி அடித்து ஒருமுறை தூக்கிக்கொண்டு போனான். இடது ஓரத்தில், லெஃப்ட் அவுட்டில் மாங்கு மாங்கென்று ஓடி, உனக்குப் பந்தைத் தள்ளித் தள்ளிக் கொடுத்த என் வீட்டு வாசலை அது மிதித்ததில்லை.

பந்து என்ன பெரிய பந்து என்று கேட்பாயோ? நீ கேட்கமாட்டாய். என் வீட்டில் கட்டிலில் யார் கிடந்தார் என்று உனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். ரயில்வேயில் தண்டவாளக் கூலியாக இருந்தவர். திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவில் கட்டை மாற்றும்போது ஒரு கட்டை சரிந்து இடுப்பில் விழுந்தது. அதோடு கால் இரண்டும் போயிற்று, கயிற்றுக் கட்டில்தான் உலகம் என்றாகிவிட்டது. அந்தக் கட்டிலிலிருந்து ஏரிக்கரை தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். 'ஓ'வென்று கூச்சல் எழுந்தால் கோல் விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். அடித்தது யார் என்று தெரியாது. நான் வீட்டுக்குள் காலை வைத்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பந்து வந்துச்சா?"

இல்லை என்பேன். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட மாட்டார். அப்படிச் செய்திருந்தாலும் தேவலை. 'சரி, அவன் எப்ப வருவான்?' என்று கேட்பார். அவன் என்றால் நீ. பெற்ற பிள்ளை வியர்வை சொட்ட எதிரில் நிற்கிறேன், அவருக்கு நீ வேண்டும்.

நீயும் விடுவாயா? பெற்றவர்கள் போனபின் நீ ஒண்டியிருந்த உன் அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியில், பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்பாய். 'இன்னா நைனா, எப்டி கீறே?' என்று கட்டிலோரம் உட்காருவாய். என் அப்பாவை நைனா என்று கூப்பிட உனக்கு யார் பட்டா எழுதிக் கொடுத்தார்கள்? ஆனால் நீ கூப்பிட்டால் அவர் முகம் மலர்ந்த மாதிரி நான் கூப்பிட்டு மலர்ந்ததில்லை. பந்தை அவர் மடியில் வைத்து, ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாய். எவன் எங்கே நின்றான், எவன் காலை நீட்டினான், நீ எந்தப் பக்கம் ஒடித்துப் போனாய் எல்லாம் வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் என் பேரும் வரும், மறுக்கவில்லை. 'அப்ப இவன் ஒரு பாஸ் குடுத்தான் பாரு நைனா' என்பாய். அதில்தான் எனக்கு இன்னும் எரியும். என் வீட்டில், என் அப்பாவிடம், எனக்கு நீ சிபாரிசு செய்தாய்.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். விரால் குழம்பு வைத்தால் நடுத்துண்டு உன் தட்டுக்குப் போகும், எனக்கு வால் வரும். கேட்டால், 'தாயில்லாப் புள்ள' என்பாள். தாயில்லாத பிள்ளை தாயுள்ள பிள்ளையின் மீனைத் தின்றுகொண்டிருந்தான் என்று அவளுக்கு யார் சொல்வது?

பகலில் நாம் இருவரும் ஆவடிப் பட்டாளத்து டிப்போவில் ஒன்றாகத்தான் பெட்டி தூக்கினோம். அங்கேயும் மேஸ்திரி உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், என்னை 'அதோ அந்த ஆளு' என்பான். நீதான் கேம்ப் சோல்ஜர்களோடு பேசி, சீசன் முடிகிறதுக்குள் ஓர் ஆட்டம் ஆடலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தாய். உன் இங்கிலீஷும் அவர்கள் தமிழும் எப்படிச் சந்தித்துக்கொண்டன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. தண்ணீர் தாழ்வான பக்கத்துக் கம்புக்கு வெகு கிட்டத்தில் வந்துவிட்டது. அதுதான் கடைசி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். புறப்படும்போது நைனா என்னைக் கூப்பிட்டார். 'இன்னைக்காவது பார்ரா' என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த 'ஆவது' என் நெஞ்சில் முள்ளாக நின்றது.

சோல்ஜர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். நீ ஒன்று திருப்பினாய். பிற்பாதியில் மழை பிடித்துக்கொண்டது. வெறுங்காலுக்கு மழை சத்துரு. வண்டல் வழவழவென்றாகி நாம் எல்லோரும் விழுந்து எழுந்துகொண்டிருந்தோம், அவர்கள் பூட்ஸ் சேற்றைக் கவ்விப் பிடித்து நின்றது. ஆனால் நீ மட்டும் விரலை மடக்கிச் சேற்றில் ஊன்றி ஊன்றி ஓடினாய். நான் கோலுக்கு முன்னால் தனியாக நின்று கையைத் தூக்கிக் கத்தினேன். நீ கொடுக்கவில்லை. மறுபடியும் கத்தினேன். மறுபடியும் நீ ஒருத்தனை ஒடித்துத் தாண்டினாய், இன்னொருத்தனைத் தாண்டினாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவையும் பந்து உன் வீட்டுக்குத்தான், மழைக்காலம் முழுக்க நைனா உன்னைத்தான் கேட்பார் என்று தோன்றிற்று. போடா என்று உனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். ஆட்டத்தின் நடுவில் கோபித்துக்கொண்டு திரும்பி நின்ற ஒரே ஆட்டக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்து நீ அடித்தாய்.

எனக்கு முன்னால் இரண்டு சோல்ஜர்களும் அவர்கள் கோலியும் நின்றார்கள். கோலி உன் அடிக்குச் சரியாக வலப்பக்கம் பாய்ந்ததைப் பார்த்தேன். அதே நொடி முதுகில் செங்கல் விழுந்த மாதிரி ஓர் அடி. ஈரப்பந்து, கல்லாகக் கனத்தது. மூச்சு நின்று நான் சேற்றில் குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் பந்து இடப்பக்கம் திரும்பி, ஆளில்லாத மூலையில் மெல்ல உருண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஏரிக்கரை முழுக்கச் சிரித்தது. சோல்ஜர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதோடு ஆட்டம் முடிந்தது. எத்திராஜு அண்ணாத்தே பந்தை எடுத்து, வழக்கம் போல உன்னிடம் நீட்டினார். நீ கையைக் கட்டிக்கொண்டாய்.

"அண்ணாத்தே, என் அடி நேரா கோலியாண்டதான் போச்சு. இவன் முதுவுல பட்டுதான் உள்ள பூந்துது. கோலு இவனுது. பந்து இவன் ஊட்டுக்குத்தான் போணும்."

விசில் ஊதிய ரயில்வே கார்டு துரையும் தலையாட்டினார். கடைசியில் யார் மேல் பட்டதோ அவன் கோல்தான் என்றார். எனக்கு மானம் போயிற்று. உன் பிச்சை எனக்கு வேண்டாம், நீயே கொண்டு போ என்றேன். நீ என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், பந்தை என் வயிற்றில் வைத்து அழுத்தினாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்.

"என் ஊட்டுக்கு எடுத்துகினு போயி நான் யாராண்ட காட்றது? நீ போ மச்சான். உன் ஊட்லதான் கேக்கறதுக்கு ஆளு கீது."

சீசன் பூராவும் நான் உன்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். நீயும் என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் அதோடு என் பொறாமை தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை. பெருந்தன்மையிலும் நீ என்னை ஜெயித்துவிட்டாயே என்று கூட ஒரு பங்கு சேர்ந்துகொண்டது.

பந்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் வீட்டுக்கு ஓடினேன். நைனா கேட்பதற்கு முன்னாலேயே அவர் மடியில் வைத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் தடவினார். தையலைத் தடவினார், பந்தின் வாயைக் கட்டிய வாரைத் தடவினார்.

"எந்தக் காலு?" என்றார்.

"முதுகு, நைனா."

கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் கோபித்துக்கொண்டு திரும்பி நின்றதையும் விடாமல் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார் பார், கட்டில் கயிறெல்லாம் கிறீச்சிட்டது. இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நானோ அம்மாவோ பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லு என்றார். சொன்னேன். இன்னொருமுறை கேட்டார். என் வாயிலிருந்து ஓர் ஆட்டத்தைக் கேட்க அவர் ஆசைப்பட்டது அன்றுதான். எல்லாம் முடிந்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவரச் சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். 'ஆமா, அவன் ஏன் வரல?' என்றார்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீ எனக்கு விட்டுக் கொடுத்திருந்தாய். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் உன் மேல் இன்னும் பிரியம் கூடிப்போகுமே.

அந்த மழைக்காலம் முழுக்கப் பந்து அவர் கட்டிலில்தான் கிடந்தது. தினமும் அவரே எண்ணெய் தடவினார். அடுத்த ஏரி வற்றுவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. மாசியில் போய்விட்டார். சாவு வீட்டில் என்னைவிட நீதான் சத்தமாக அழுதாய், வந்தவர்கள் உன்னைத்தான் முதலில் கட்டிப்பிடித்துத் தேற்றினார்கள். அப்பனைப் பறிகொடுத்த நாளிலும் எனக்கு இரண்டாவது இடம்தான்.

இப்போது என் வீட்டிலும் கேட்பதற்கு ஆள் இல்லை, மச்சான். என் பெண் நல்லவள், முட்டி வலிக்கிறதா என்று கேட்பாள். பந்து வந்ததா என்று கேட்க அவளுக்குத் தெரியாது. மழை பெய்து முதுகு குளிரும்போது அந்த அடி விழுந்த இடம் எனக்கு மட்டும் தெரியும். வேறு சொத்து என்னிடம் கிடையாது.

உங்கள் மோட்சம் வேறு, எங்கள் மேலுலகம் வேறு என்பார்கள். நீ எந்த வேலியைத்தான் தாண்டாமல் விட்டாய்? இந்நேரம் நைனாவைத் தேடிப் பிடித்து, கட்டிலோரம் உட்கார்ந்து, முதல் விசிலிலிருந்து ஆரம்பித்திருப்பாய். அவரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லு, வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி ஆட்டம் வந்து, மழை பிடித்து, நான் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள். எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு மேல் சொல்லாதே. மிச்சத்தை நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். அது என் கோல்.